குடும்பத் தலைவர் எட்வின்

என் தம்பி எட்வினுக்கு வண்ணார்பேட்டையில செல்போன் ரிப்பேர் கடை. மாடியிலதான் வீடு. மாதா கோயில் அசனத்துல ஊருக்கே சோறு போடுவாங்கல்லா, அதுக்கு அண்டா அண்டாவா கறிக்குழம்பு வைக்க இவனைத்தான் கூப்பிடுவாங்க. ஆனா வீட்டுல உப்பு எங்கன இருக்குன்னு கேட்டா முழிப்பான். எங்க அப்பா ஜோசப் வாதம் வந்து ஒரு பக்கம் வராமப் படுத்த படுக்கையா கிடக்காரு. மாத்திரை குடுக்கது, கஞ்சி புகட்டுதது, துடைச்சு விடுதது எல்லாம் தம்பி பொண்டாட்டி சுகிர்தாதான்.

போன மாசம் அவளுக்கு நாங்குநேரிப் பள்ளிக்கூடம் ஒண்ணுல கணக்கு டீச்சர் வேலை கிடைச்சுது. கல்யாணத்தோட விட்ட வேலை. திங்கக்கிழமை சேரலன்னா வேற ஆளுக்குப் போயிரும். "அப்பாவை யாரு பாப்பா?"ன்னு கேட்டுட்டுத் தம்பி என் மூஞ்சியைப் பாத்தான்.

"என்னைய ஏம்லே பாக்க? எனக்குத் தையல் கடை இருக்கு. சாயங்காலம் வேணா வாரேன்"னேன்.

"இப்பதான் ஏஐ வந்துட்டேக்கா, அது வீட்டையே நடத்திரும்"னு ஒரு ஆப்பைப் போன்ல ஏத்துனான். வீட்டு வேலை என்னென்ன, அப்பாவுக்கு என்ன மருந்து, எல்லாத்தையும் அது கேட்டுது. சுகிர்தா சொல்லச் சொல்லச் சேத்தான். கடைசியா, குடும்பத் தலைவர் யாருன்னு கேட்டுது. தம்பி பெரிய துரை மாதிரி நெஞ்சை நிமித்திக்கிட்டுத் தன் பேரைப் போட்டான். அங்கனதான் மாட்டுனான்.

திங்கக்கிழமை சுகிர்தா பஸ் ஏறிட்டா. கடையில போன் பேச ஆரம்பிச்சுது. "எட்வின், அப்பாவுக்கு மாத்திரை கொடுக்கும் நேரம். எட்வின், அப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்கவும்." இதெல்லாம் பொம்பளை வேலைன்னு அந்த மிஷினுக்கு யாரும் சொல்லிக் குடுக்கல, பாவம். பழக்கதோஷத்துல "ஏ சுகிர்தா"ன்னு இவன் மாடியைப் பாத்துக் கத்தியிருக்கான். "அவ இல்லலே"ன்னு அப்பாதான் குழறிக் குழறிச் சொல்லியிருக்காரு.

கஞ்சிக்கு ஒரு கை அரிசி போதும்னு அது சொல்லிருக்கு. அசனத்துக்குச் சமைச்ச கை கேக்குமா? இது எந்த மூலைக்குன்னு அள்ளிப் போட்டுட்டான். அன்னைக்கு எங்க தெரு முழுக்கக் கஞ்சிதான். எனக்கும் தூக்குவாளியில வந்துது. உள்ளதைச் சொல்லணும்லா, ருசியாத்தான் இருந்துது.

வாரக் கடைசிக்குள்ள ஆளு வாடி வதங்கிட்டான். ஆனா சனிக்கிழமை நான் போனப்ப அப்பா சட்டை மாத்தி, பவுடர் போட்டு, தலகாணியில சாஞ்சு உக்காந்திருந்தாரு. தம்பிதான் பண்ணிருக்கான். எனக்குக் கண்ணு கலங்கிட்டு.

அடுத்த திங்கக்கிழமை காலையில சுகிர்தா டிபன் பாக்ஸை எடுத்துக்கிட்டுக் கிளம்புதா. எட்வின் போனை நோண்டிக்கிட்டே பைய கேட்டான், "இதுல லீவு போட எங்கன அமுக்கணும்? எவ்வளவு தேடியும் கிடைக்க மாட்டேங்கு."

"கல்யாணமான நாள்லருந்து நானும் அதைத்தான் தேடுதேன்"னா அவ, செருப்பை மாட்டிக்கிட்டே.

அவன் போனைப் பையில போட்டுட்டு, அப்பாவைத் திருப்பிப் படுக்க வைக்கப் போனான்.