ஒரே வயலில் இரண்டு மக்காச்சோளம்: புவனகிரி வரை ஒரு ஞாயிறு

“ரெண்டும் ஒண்ணா முத்தாதுக்கா.” அன்று நான் சொல்லாமல் வந்தது இது ஒன்றுதான். மற்றபடி நல்ல பயணம்.

2010 மார்ச் கடைசி. கடலூர் மஞ்சக்குப்பத்தில் என்னோடு வேலை பார்த்த சாந்தியக்கா, வேலையை விட்டுவிட்டுக் கணவர் குமாரோடு புவனகிரிப் பக்கம் மக்காச்சோளம் போட்டிருந்தார். நெல்லைத் தவிர வேறு எதுவும் பழகாத குடும்பம். இரண்டு ரகங்களைக் கலந்து போட்டால் யூரியா குறைவாகப் போதும், விளைச்சலும் கூடும் என்று எங்கோ படித்துவிட்டு அக்காதான் பிடிவாதமாக விதைக்க வைத்தார்.

காலை 6.10க்குக் கடலூரில் சிதம்பரம் பஸ். ஒன்றேகால் மணி நேரம், பதினைந்து ரூபாய். வலப்பக்கம் உட்காருங்கள், இடப்பக்கம் வழி நெடுக வெயில். சிதம்பரத்திலிருந்து புவனகிரிக்கு டவுன் பஸ், நான்கு ரூபாய். அங்கிருந்து இரண்டு கிலோமீட்டர் நடை.

ஒரு சால் குட்டை ரகம், ஒரு சால் நெட்டை ரகம் என்று வயல் மாறி மாறி நின்றது.

“பாரு, அடி எலகூட பழுக்கல. மாமா ஒரு மூட்ட யூரியா கம்மியாதான் போட்டாரு” என்றார் அக்கா.

“நான் எங்க கம்மி பண்ணன்? உங்கக்கா மூட்டைய ஒளிச்சி வெச்சிட்டா” என்றார் குமார் மாமா.

“ஒண்ணு வேரு ஆழமா போவுது, இன்னொண்ணு மேலால போவுது. ரெண்டும் சண்ட போடாம சாப்புடுது.”

“நம்ம வூட்டுலதான் அது நடக்கல.” சிரித்த மாமா என் பக்கம் திரும்பினார். “இது தேறலன்னா அடுத்த தைக்கு ஒரே ரகந்தான். சொல்லிட்டன்.”

குட்டைச் செடிகளின் கதிர்முடி கருகிக் காய்ந்திருந்தது. நெட்டையில் அப்போதுதான் வெளிர்மஞ்சளாக எட்டிப் பார்த்தது. நெட்டை முற்ற எப்படியும் இரண்டு வாரம் பிந்தும். அதைப் பார்த்துக்கொண்டு நிற்கும்போதே மாமா போனில் கதிரடிக்கும் மெஷினுக்குச் சொல்லிக்கொண்டிருந்தார். இந்தப் பக்கம் வேறு யாரும் மக்காச்சோளம் போடாததால் விருத்தாசலத்திலிருந்து ஒரே ஒரு முறைதான் வருவார்களாம். ஏப்ரல் பதினெட்டு என்று முடிவானது. நெல்லுக்கு எண்ணுவதுபோல் விதைத்த நாளிலிருந்து இரண்டுக்கும் ஒரே கணக்காக எண்ணியிருந்தார்.

வாய்வரை வந்தது. மாமா முன்னால் அக்கா அவ்வளவு பெருமையாக நின்றுகொண்டிருந்தார். ராத்திரி போனில் சொல்லிக்கொள்ளலாம் என்று நினைத்தேன். சொல்லவில்லை.

போகிறவர்கள் முழுக்கைச் சட்டை போட்டுக்கொள்ளுங்கள். சோளத்தோகை கையைக் கீறும், வியர்வை பட்டால் எரியும். பதினோரு மணிக்குள் திரும்பிவிடுங்கள், நிழல் கிடையாது. கலந்து விதைக்க நினைப்பவர்கள், இரண்டு ரகமும் எத்தனை நாளில் முற்றும் என்று விதை வாங்கும்போதே கேளுங்கள்.

மெஷின் சொன்ன நாளில் வந்தது. குட்டைக் கதிர்கள் நன்றாக உதிர்ந்தன. நெட்டைக் கதிர்கள் பெரியவை, ஆனால் ஈரம், மணி நசுங்கியது. வியாபாரி அதைத் தொடவில்லை, மாட்டுக்குப் போட்டார்கள். அடுத்த தையில் அந்த வயலில் ஒரே ரகம் விதைத்தார்கள்.