நம்ம ஸ்கூல் மாதிரிதான்

இங்கே அமெரிக்காவில் என் மகள் படிக்கும் பள்ளியின் நடைவழிக்கு நடுவில் ஒரு கதவு போட்டிருக்கிறார்கள். ஒரே கட்டடம்தான். கதவுக்கு இந்தப் பக்கம் புதுப் பெயின்ட், நூலகம், பாட்டு டீச்சர். அந்தப் பக்கம் சுவரெல்லாம் ஈரக்கறை, பூட்டிக் கிடக்கும் நூலகம். அந்தப் பக்கத்துப் பிள்ளைகள் தாகமெடுத்தாலும் இந்தப் பக்கத்துக் குழாய்க்கு வரக்கூடாதாம். குழாயில் பக்கம் பிரிப்பது என்னவென்று செஞ்சிக்காரனான எனக்கு யாரும் சொல்லித்தர வேண்டியதில்லை.

அந்தப் பக்கம் அரசின் மாவட்டப் பள்ளி. இந்தப் பக்கம் சார்ட்டர் பள்ளி. நிர்வாகம் தனியார், பணம் மட்டும் அரசுடையது. பிள்ளை எங்கே போகிறதோ, அதன் பங்குப் பணமும் அங்கே போய்விடும். சார்ட்டரில் இடம் குலுக்கலில்தான். மகள் பெயர் விழுந்ததும் அலுவலகப் பெண், "வாழ்த்துகள், ஜெயித்துவிட்டீர்கள்!" என்றார். "தோற்றது யார்?" என்று கேட்டேன். ஜோக்கடிக்கிறேன் என்று நினைத்து விழுந்து விழுந்து சிரித்தார். நானும் சிரித்து வைத்தேன். கையெழுத்தும் போட்டேன்.

ஊரில், தொண்டூர்ப் பக்கம் ஓர் அரசுத் தொடக்கப் பள்ளியில் என் அக்கா தலைமையாசிரியை. ஏப்ரல் வெயிலில் வீடு வீடாகப் போய், "பிள்ளைய எங்க ஸ்கூல்ல சேருங்க" என்று கேட்பாள். ஊரில் இருந்தவரை அவளுக்கு பைக் ஓட்டியது நான்தான். தனியார் பள்ளி வேன் எங்களுக்கு முன்னாலேயே வந்து போயிருக்கும். அந்தத் தனியார் பள்ளியிலும் ஏழைப் பிள்ளைக்குக் குலுக்கலில் இடம் விழுந்தால் அரசே கட்டணம் கட்டும். அக்கா பள்ளியில் பிள்ளைகள் குறைந்தால் இருக்கிற இரண்டு டீச்சரில் ஒருவரைத் தூக்கிவிடுவார்கள். த்தூ, நம்ம காசிலேயே நம்ம பள்ளிக்கூடத்தை மூடுறானுங்க என்று வழியெல்லாம் கத்திக்கொண்டு வருவேன்.

மகளைச் சேர்த்த மறுநாள் அக்கா போனில் கேட்டாள்.

"பாப்பாவ எதுலடா சேத்த? வேன் ஸ்கூலா, நம்ம ஸ்கூல் மாதிரியா?"

"நம்ம ஸ்கூல் மாதிரிதான்க்கா."

"அப்பிடிச் சொல்லுடா என் தங்கம்!"

கொஞ்சமும் வாய் கூசவில்லை எனக்கு.

இந்த ஏப்ரலில் ஒருநாள், மகளை அழைத்துவர அந்தக் கதவருகே நின்றிருந்தேன். அக்கா ஒரு வீடியோ அனுப்பியிருந்தாள். ஒரு வீட்டு வாசலில் வேன் ஸ்கூல் நோட்டீசும் கையுமாக நிற்கும் தாயிடம் பேசுகிறாள்.

"இன்னாத்துக்கும்மா யோசிக்கிற? என் தம்பி அமெரிக்காவுல இருக்கான். அவன் பொண்ணே கவர்மென்ட் ஸ்கூல்லதான் படிக்குது."

அந்தத் தாய் நோட்டீசை மடித்து இடுப்பில் செருகினாள். "அப்ப எழுதிக்கோங்க டீச்சர்" என்று பிள்ளையின் பெயரைச் சொன்னாள்.

மணி அடித்தது. மகள் இந்தப் பக்கத்துக் குழாயில் தண்ணீர் குடித்துவிட்டு ஓடிவந்து, ஈரக் கையால் என் விரலைப் பிடித்தாள். இன்னொரு கையிலிருந்த போனில் அக்கா அடுத்த வீட்டுக் கதவைத் தட்டிக்கொண்டிருந்தாள்.