கண்மாயில் விமானத்தை இறக்கியவர்

வள்ளியம்மை அக்கா தவறிவிட்டார் என்று அவருடைய தம்பி நேற்றுக் காலை போனில் சொன்னார். "தூக்கத்துலயே போயிருச்சுங்க." எனக்கு அழுகை வரவில்லை. அப்பாடா, இனி அவருக்கு வலி இல்லை என்றுதான் முதலில் தோன்றியது. கடைசிக் காலத்தில் அவரைப் பார்த்தவர்கள் என்னைத் தவறாக நினைக்கமாட்டார்கள்.

திருமயம் பக்கத்து வியாபாரக் குடும்பத்தில் பிறந்தவர். வீட்டில் எல்லோரும் கடையைப் பார்க்க, இவர் விமானம் ஓட்டக் கற்றார். வரன் வரும்போதெல்லாம், "மாப்பிள்ளைக்கு ஒசரம்னா பயமான்னு கேட்டுக்கங்க" என்பாராம். நில அளவைக்காக வானிலிருந்து படம் எடுக்கும் சிறு நிறுவனம் ஒன்றில் அவர் விமானி, நான் புகைப்படக்காரன். இரண்டே இருக்கைகள் கொண்ட விமானம்.

ஒருநாள் பொன்னமராவதிக்கு அருகே பறந்துகொண்டிருந்தபோது இன்ஜின் குலுங்கி நின்றுபோனது. காற்றின் சத்தம் மட்டும் கேட்டது. அக்கா திரும்பத் திரும்ப ஸ்டார்ட் செய்து பார்த்தார். பிடிக்கவில்லை. கீழே தார்ச்சாலை நேராகக் கிடந்தது.

"ரோட்டுல எறக்கிரலாம்க்கா!" என்று கத்தினேன்.

"அங்கிட்டு பஸ்ஸு வருது தம்பி, பின்னாடியே பைக்கு. கண்மாய்க்குப் போறேன். பெல்ட்ட இறுக்கு. கதவ லேசாத் தெறந்து வச்சுக்க, அப்பறம் சிக்கிக்கும்." அவர் குரல் உயரவே இல்லை.

வறண்ட கண்மாயில் சக்கரங்கள் நன்றாகவே ஓடின. பிறகு, மண் அள்ளிய பள்ளமொன்றில் முன்சக்கரம் இறங்கியது. எனக்குக் கையில் சிராய்ப்பு. அக்காவுக்கு முதுகெலும்பு முறிந்தது. ஆடு மேய்த்துக்கொண்டிருந்த பெண் ஒருவர் ஓடிவந்து, "ஆத்தா, கண்ணத் தெறங்க" என்று பதறினார். அக்கா கண்ணைத் திறந்து, "ஆடு எதுக்கும் அடிபடலயே?" என்றார்.

அதன்பின் அவர் பறக்கவில்லை. அறுவைச் சிகிச்சைகள், கைத்தடி, பிறகு கட்டில். வலியைவிட அவரைக் களைக்க வைத்தது ஒரே கேள்விதான். சாலையில் இறக்கியிருந்தால் விமானம் தப்பியிருக்குமே? விசாரணையில் கேட்டார்கள், காப்பீட்டுக்காரர்கள் கேட்டார்கள், கல்யாண வீடுகளில் சொந்தக்காரர்களும் கேட்டார்கள். அவர்மேல் தப்பில்லை என்று முடிவானபோது, அதைக் கேட்டு மகிழக்கூட அவரிடம் தெம்பில்லை.

"வருத்தமா இருக்காக்கா?" என்று ஒருமுறை கேட்டேன்.

"வருத்தமெல்லாம் இல்ல தம்பி. நாளைக்கே அதே எடத்துல இன்ஜின் நின்னாலும் கண்மாய்க்குத்தான் போவேன். இத எத்தன பேருக்குச் சொல்றது? அசதியா வருது."

நேற்று கூடத்தில் அவரைக் கிடத்தியிருந்தார்கள். நெற்றியில் எப்போதும் இருக்கும் வலியின் சுளிப்பைக் காணோம். துக்கம் கேட்க வந்த ஒருவர் என் பக்கத்தில் உட்கார்ந்து, "அன்னிக்கு ஏங்க ரோட்டுல எறக்கல?" என்று தணிந்த குரலில் ஆரம்பித்தார்.

"பஸ்ஸு வந்துச்சுங்க, ஆளுங்க இருந்தாங்க" என்றேன்.

இனி கேட்பவர்களுக்கு நான் சொல்லிக்கொள்கிறேன் அக்கா. நீங்கள் தூங்குங்கள்.