நேசன் அண்ணையின் கடைசிக் கதவு

நேசன் அண்ணையின் மகள் ஆரணி தொலைபேசியில் அழைத்தபோது நான் வேலையிடத்தில் மேசை துடைத்துக்கொண்டிருந்தேன். "அன்ரி, அப்பா போயிட்டார்" என்றாள். எங்கே போனார் என்று கேட்க வாயெடுத்தேன். ஆஸ்பத்திரியிலிருந்து ஒருவருக்கும் சொல்லாமல் எழும்பிப் போகக்கூடிய மனிதர்தான் அவர். பிறகு அவள் அழுவது கேட்டது. துணியைக் கையில் வைத்தபடியே கதிரையில் இருந்துவிட்டேன். என்னோடு வேலை செய்யும் துருக்கிப் பெண் வந்து யார் என்று கேட்டாள். என் அண்ணன் என்றேன். கூடப் பிறக்காதவர் என்று விளக்கம் சொல்லிக்கொண்டிருக்க எனக்கு அப்போது தெம்பில்லை.

டுசல்டோர்ஃபில் இருக்கும் உங்களில் பலருக்கு நேசன் அண்ணையைத் தெரியும். கோயில் தேருக்கு ஒலிபெருக்கி கட்டியவர். மரக்கறி மொத்தச் சந்தையில் பெட்டி தூக்கியவர். உங்கள் வீட்டுப் பழுதான தொலைக்காட்சியைக் கழற்றிவிட்டு, பூட்ட மறந்து, தேத்தண்ணி குடித்துப் போனவர். ஆனால் எண்பதுகளில் அவர் கணினி விளையாட்டுச் செய்தவர் என்று எத்தனை பேருக்குத் தெரியும்? தெரிந்தவர்களும் "நேசன் அளக்கிறான்" என்றுதான் சிரித்தீர்கள். அதுதான் எனக்கு ஆத்திரம்.

நகரத்தின் ஓரத்தில் ஒரு சைக்கிள் கடைக்கு மேலே, இரண்டே அறைகளில் அந்தச் சின்ன நிறுவனம் இருந்தது. வீட்டுக் கணினியைத் தொலைக்காட்சியில் பொருத்தி விளையாடிய காலம் அது. நாங்கள் பாட்டுக் கேட்கிற அதே கசெற்றில்தான் விளையாட்டும் வரும். ஓடவிட்டால், கீச்சுக் கீச்சென்ற சத்தத்தைக் கணினி வாசித்து வாசித்து விளையாட்டாக்கும். நான் அங்கே கசெற்றைப் பெட்டியில் வைத்து அட்டை செருகுகிறவள். நேசன் அண்ணை கசெற் பிரதி எடுக்க வந்தவர். வந்த இடத்தில், விளையாட்டு எழுதுகிற ஜெர்மன்காரர் ஒருவரை நச்சரித்து நச்சரித்துக் கணினியின் மொழியைப் படித்துக்கொண்டார். "கணினிக்கு முகத்தாட்சணியம் இல்லைப் பிள்ளை. நீ ஆர், எந்த ஊர் எண்டு கேளாது. பிழையெண்டால் பிழை எண்டு சொல்லும், சரியெண்டால் பேசாமல் செய்யும்" என்பார். அந்த நாட்களில் எங்களை அப்படி நடத்தியது கணினி ஒன்றுதான் என்று நினைக்கிறேன்.

அவர் ஒரேயொரு விளையாட்டுச் செய்தார். கையில் சூட்கேசோடு ஓர் அகதி பெரிய அலுவலகத்துக்குள் நுழைவான். முதல் மாடியில் முத்திரை வாங்கினால், இரண்டாம் மாடியில் இருப்பவர் வேறு ஒரு தாள் கேட்பார். அதை எடுக்கத் திரும்பி இறங்கினால் முதல் மாடி பூட்டியிருக்கும், இன்னொரு நாளைக்கு டேர்மின், அதுதான் சந்திக்க நேரம், எடு என்று பலகை தொங்கும். முதன்முதல் பார்த்தபோது வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தேன். முதலாளியும் சிரித்தார். ஆனால் அகதியை யாரும் காசு கொடுத்து வாங்கமாட்டார்கள் என்று, அந்த மனிதனுக்குத் தொப்பி போட்டுத் தபால்காரனாக்கினார். செய்தவர் பெயராக ஏதோ ஒரு ஜெர்மன் பெயரைப் போட்டார். சிவநேசராசா என்ற அண்ணையின் முழுப்பெயர் அட்டையில் கொள்ளாதாம். கொள்ளாதா? அட்டை செருகியவள் நான் சொல்கிறேன், தாராளமாகக் கொள்ளும்.

விளையாட்டு கடைக்குப் போன பிறகுதான் பிழை தெரிந்தது. கடைசி மாடிக் கதவு என்ன செய்தாலும் திறக்கவில்லை. வாங்கியவர்கள் தொலைபேசியில் ஏசினார்கள், முதலாளி அண்ணையை ஏசினார். அண்ணை குனிந்த தலை நிமிராமல் இருந்து திருத்தினார். இரண்டாவது பதிப்பைப் பெட்டி பெட்டியாக அடித்து முடித்த அன்று என்னிடம் மெல்லச் சொன்னார்: "கதவு இப்ப திறக்கும் பிள்ளை. அதுக்குப் பின்னாலை என்ரை பெயரைத் தமிழிலை போட்டிருக்கிறன், புள்ளி புள்ளியா. முதலாளிக்குத் தெரியாது."

"அவர் விளையாடிப் பார்த்தால்?"

"அவரோ? அவர் இரண்டாம் மாடியே தாண்டமாட்டார்."

அந்தப் பதிப்பு கடைக்குப் போகவே இல்லை. நிறுவனம் இழுத்து மூடப்பட்டது. விருப்பமானதை எடுத்துக்கொண்டு போங்கள் என்று முதலாளி சொல்ல, அண்ணை கசெற் பெட்டிகளை அகதி முகாமுக்குக் கொண்டுபோனார். இனி நடந்தது எங்கள் ஆட்களுக்கு மட்டுமே வரக்கூடிய பிழை. அப்போது ஊருக்குத் தொலைபேசி எடுக்க வழியில்லை. கொழும்புக்கு ஆள் போகுது என்றால் எல்லோரும் குரலைக் கசெற்றில் பதிந்து கொடுத்துவிடுவோம். ஒரு பக்கம் நாங்கள் கதைப்போம், மறுபக்கத்தை வீட்டுக்காரர் பதிலுக்குக் கதைக்கட்டும் என்று விட்டுவிடுவோம். வெறும் கசெற்றுக்கு அவ்வளவு தட்டுப்பாடு. விளையாட்டுக் கசெற்றில் மேலே பதிய முடியாது. ஆனால் விளிம்பிலுள்ள ஓட்டையில் ஒரு துண்டு செலோரேப் ஒட்டினால் பதியலாம். அந்த வித்தையை முகாம் முழுக்கச் சொல்லிக் கொடுத்தவரே நேசன் அண்ணைதான். அப்படி எல்லோரும் அவருடைய விளையாட்டுக்கு மேலேயே கதைத்து அனுப்பினோம். மூலப் பிரதி முதலாளியிடம் இருக்கும், பிறகு கேட்டு எடுக்கலாம் என்று இருந்துவிட்டார். முதலாளி அதை எப்போதோ குப்பையில் போட்டுவிட்டார். தனக்கென்று வைத்திருந்த கடைசிக் கசெற்றிலும், திடீரென்று ஓர் ஆள் போகுது என்றதும், அம்மாவுக்குக் கதைத்து அனுப்பினார்.

பல வருடம் அவர் இதைப் பற்றி வாய் திறக்கவில்லை. மகள் ஆரணி பல்கலைக்கழகத்தில் கணினி படிக்கப் போனபோதுதான் சொன்னார். அவள் இணையத்தில் தேடி, யாரோ சேகரித்து வைத்திருந்த முதல் பதிப்பைக் கண்டுபிடித்தாள். நானும் அன்று அவர்கள் வீட்டில் இருந்தேன். தொடக்கத்தில் அந்த ஜெர்மன் பெயர் வந்தது. ஆரணி கெட்டிக்காரி, ஒரே இருப்பில் கடைசி மாடி வரை போய்விட்டாள்.

"அப்பா, கதவு திறக்கேல்லை."

"இது பழசம்மா. இரண்டாவதிலைதான் திறக்கும். அதுக்குள்ளைதான் என்ரை பெயர் இருக்கு."

"ம்" என்றாள். அவ்வளவுதான். பொய் என்று சொல்லியிருந்தால் சண்டை பிடித்திருப்பார். அவள் மரியாதையாக இருந்துவிட்டாள். அண்ணையின் முகத்தை அப்போது என்னால் பார்க்க முடியவில்லை.

அன்றிலிருந்து அவர் கசெற் தேடத் தொடங்கினார். முகாமில் இருந்து கனடாவுக்கும் லண்டனுக்கும் போனவர்களை எல்லாம் அழைத்தார். உங்களில் சிலருக்கும் அழைப்பு வந்திருக்கும், நேசனுக்கு விசர் முற்றிவிட்டது என்று நீங்கள் கதைத்ததும் எனக்குத் தெரியும். போர் நிறுத்தக் காலத்தில் பாதை திறந்தபோது, ஊருக்குப் போன ஒருவர் அவருடைய அம்மாவின் வீட்டிலிருந்து ஒரு கசெற்றைக் கொண்டுவந்தார். அம்மா இறந்து சில வருடமாகியிருந்தது. அண்ணை அனுப்பிய அதே கடைசிக் கசெற். அம்மா மறுபக்கத்தில் பதில் பதிந்து வைத்திருக்கிறார், கொடுத்துவிட ஆள் கிடைக்கவில்லை.

ஒரு பக்கம் முழுக்க அண்ணையே கதைத்து அழித்திருந்தார். ஆனால் அதே விளையாட்டு இரண்டு பக்கத்திலும் பதிந்திருந்தது. கடைசிக் கதவுக்குப் பின்னால் வரும் பகுதி நாடாவின் கடைசியில்தான் இருக்கும். அம்மா இடையில் நிறுத்தியிருந்தால், அந்தத் துண்டு மிஞ்சியிருந்தாலே போதும், எழுத்தை எடுத்துவிடலாம் என்று ஆரணி சொன்னாள். அவளுக்கும் ஆசை வந்துவிட்டது, நான் கண்ணால் கண்டேன்.

போட்டோம். ஷெல் விழுந்தது, ஆர் ஆர் செத்தது, ஆருக்குக் கலியாணம் ஆனது என்று அம்மா கதைத்தார். குளிருக்குக் காதை மூடுறனியோ என்று கேட்டார். அண்ணை அதைக் கேட்கவில்லை. குரல் எப்போது நின்று கீச்சுச் சத்தம் தொடங்கும் என்று ஒலிபெட்டியில் காதை வைத்துக் காத்திருந்தார். "தம்பி, கசெற் முடியப் போகுதாம், இன்னும் கொஞ்சம் கதைக்கிறன்" என்றார் அம்மா. கதைத்தார். நாடா தீர்ந்து 'டக்' என்று நிற்கும் வரை கதைத்தார்.

"அம்மா கொஞ்சம் சுருக்கிக் கதைச்சிருக்கலாம்" என்றார் அண்ணை.

சொன்ன பிறகுதான் என்ன சொன்னோம் என்று அவருக்கு உறைத்தது. வாயைப் பொத்திக்கொண்டு குழந்தை மாதிரி அழுதார். ஐயோ, அந்த அழுகையை நான் இன்னும் மறக்கவில்லை. ஆரணி எழும்பிக் குசினிக்குப் போய்விட்டாள்.

அதற்குப் பிறகு அவர் யாரையும் அழைக்கவில்லை. ஆஸ்பத்திரியில் கிடந்தபோது, வேறு யாரிடமாவது கேட்டுப் பார்க்கவா என்றேன். "விடு பிள்ளை. நான் செய்ததுக்கு நான் மட்டும்தான் சாட்சி எண்டால், நான் செய்யேல்லை எண்டுதான் கணக்கு" என்றார். அப்படிச் சொல்லாதேங்கோ அண்ணை என்றேன். சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார்.

தகனம் முடிந்து எல்லோரும் கோட்டு மாட்டிக்கொண்டிருந்தபோது ஆரணி என்னை ஒரு பக்கம் கூட்டிப்போனாள்.

"அன்ரி, நீங்கள் அங்கை வேலை செய்தனீங்கள்தானே. அந்தக் கடைசித் திரையை நீங்கள் பார்த்தனீங்களோ?"

ஓம் என்ற சொல் வாய்வரை வந்தது. ஆனால் தகப்பனைப் பறிகொடுத்துவிட்டு நிற்கிற பிள்ளையிடம் எப்படிப் பொய் சொல்வது? "இல்லையம்மா. என்னாலை மூண்டாம் மாடியே தாண்ட ஏலாது. உங்கடை அப்பா சொன்னார், நான் நம்பினன்" என்றேன்.

"ஓம் எண்டு சொல்லியிருக்கலாம் அன்ரி" என்றாள்.

நேசன் அண்ணையிடமிருந்து என்னிடம் மிஞ்சியிருப்பது, நான் ஒருநாளும் பார்க்காத ஒரு திரை. அதில் சிவநேசராசா என்று தமிழில், புள்ளி புள்ளியாக எழுதியிருக்கிறது. பார்த்தாயா என்று உங்களில் யார் கேட்டாலும் இனி ஓம் என்றுதான் சொல்வேன். ஆரணி மட்டும் இனிக் கேட்கமாட்டாள்.