அந்த ஃபைலின் பெயர் எனக்குத் தெரியாது

பிரியமானவர்களே, 2005-ல் ஆண்டவர் எங்கள் வீட்டுக்குச் செய்ததைச் சொல்கிறேன்.

அப்போது நான் கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் பேக்கிங் வேலை பார்த்தேன். அப்பா இல்லை. அம்மாவுக்கு இருதய ஆபரேஷன் செய்தே ஆகவேண்டும் என்று டாக்டர் சொல்லிவிட்டார். அம்மாவோ, "பெரியவன் வராம நான் ஆஸ்பத்திரிக்கு வர மாட்டேன்" என்று படுத்துக்கொண்டார்.

பெரியவன் என் அண்ணன் ஜான்சன். தன் விருப்பப்படி கல்யாணம் செய்ய அம்மா ஒத்துக்கொள்ளவில்லை என்று சண்டை போட்டுக்கொண்டு போனவன். எட்டு மாதமாகத் தகவல் இல்லை. நான் உடைந்துபோனேன்.

அவன் விட்டுச்சென்றது ஒரு பழைய கம்ப்யூட்டர். அதில் ஏதாவது விலாசம் இருக்குமா? ஞாயிறு ஆராதனை முடிந்து வந்து உட்கார்ந்தேன். அந்தக் கம்ப்யூட்டரில் ஃபைல் தேடும் பெட்டியின் ஓரத்தில் ஒரு நாய்க்குட்டிப் படம் வாலாட்டும். 'ஜான்சன்' என்று போட்டேன். பயோடேட்டா வந்தது. அதிலிருந்த நம்பர் வேலை செய்யவில்லை. 'அம்மா' என்று போட்டால் பாட்டுகளாக வந்தன.

மறுநாள் வேலையில் இதைச் சொன்னபோது, கூட வேலை செய்யும் சரோஜா அக்கா கேட்டார்: "ஃபைல் பேரு தெரிலனா இன்னா? உள்ள எழுதிக்கிற வார்த்தைய போட்டுத் தேடேன்."

எந்த வார்த்தை? வீட்டுக்கு வந்து முழங்காலில் நின்றேன். "ஆண்டவரே, அவன் மனசில் இருந்த வார்த்தை உமக்குத் தெரியும். எனக்குச் சொல்லும்."

எழுந்தபோது ஒன்று தோன்றியது. சின்ன வயதிலிருந்து என்னை அவன் மட்டும் கூப்பிடும் பெயர். 'gundu' என்று ஆங்கில எழுத்தில் தட்டினேன்.

ஒரே ஒரு ஃபைல் வந்தது. பெயர் 'new5'. திறந்தேன். ஆங்கில எழுத்திலேயே தமிழில் எழுதியிருந்தான்.

"குண்டு, எனக்காக நீ ஒரு வார்த்த பேசல. ஆனா கோவம் இல்ல. ஓசூர் போறேன். அம்மாவுக்கு எதுனா ஒண்ணுன்னா இந்த நம்பருக்கு போன் பண்ணு."

எஸ்.டி.டி. பூத்துக்கு ஓடினேன். அண்ணன்தான் எடுத்தான்.

"இப்பதான் படிச்சியா? எட்டு மாசமா உன் போனுக்குக் காத்துக்கினு இருக்கேன். படிச்சிட்டும் பேசலன்னு நெனச்சிட்டேன்டி."

"இத்தன நாளா கம்ப்யூட்டர நான் தொறக்கவே இல்லண்ணா. அம்மாவுக்கு ஆபரேஷன்."

மறுநாள் காலை வந்துவிட்டான். அம்மா அவனைப் பார்த்ததும், "சாப்டியா?" என்றார். ஆபரேஷன் நல்லபடியாக முடிந்தது. தேறி எழுந்த அம்மாவே அண்ணன் விரும்பிய பெண்ணின் வீட்டுக்குப் போய்க் கல்யாணம் பேசினார்.

அன்றிலிருந்து பேச வேண்டிய இடத்தில் நான் வாயை மூடிக்கொண்டு நிற்பதில்லை. என்ன கேட்பதென்று தெரியாமல் தவிக்கிறீர்களா? அதையும் அவரிடமே கேளுங்கள். எங்கள் அம்மா இன்றைக்கும் இரண்டு பிள்ளைகளையும் உட்கார வைத்துப் பரிமாறுகிறார். மகிமை அவருக்கே.