இருபத்தாறு நாள் இட்லிக் கணக்கு

ஒரகடத்தில் ஒரு கார் உதிரிபாகத் தொழிற்சாலையின் கேன்டீனை நான் கவனித்துக்கொண்டிருந்தபோது, அங்கே வேலை பார்த்த ஒரு தென்காசிப் பெண் தட்டை நீட்டும் விதம் தனியாகத் தெரியும். இரண்டு இட்லி விழுந்ததும் தட்டைச் சட்டென்று பின்னுக்கு இழுத்துக்கொள்வாள். மற்றப் பெண்கள் ஐந்தாறு வாங்குவார்கள். ஆனால் பருத்துக்கொண்டே போனது அவள் உடம்புதான். "இன்னாம்மா, இங்க ரெண்டு துன்னுட்டு ரூமுக்குப் போயி அண்டாவோட குந்திக்கிறியா?" என்பார் லைன் சூப்பர்வைசர் அம்மாள். வரிசையே சிரிக்கும். அவளும் சிரிப்பாள்.

எதையும் எண்ணாமல் எனக்கு இருப்புக்கொள்ளாது. பட்டினி கிடந்து மெஷினில் மயங்கி விழுந்துவிட்டால்? அந்தப் பயத்தில், மீந்த உணவை எழுதும் நோட்டின் கடைசிப் பக்கத்தில் அவள் சாப்பாட்டையும் எழுதத் தொடங்கினேன். பரிதாபப்பட்டு அவள் டீயில் இரண்டு கரண்டி சர்க்கரை கூடுதலாகப் போடவும் சொன்னேன்.

இங்கே கண்டதையும் தின்றுதான் மகள் பருக்கிறாள் என்று, ஒருநாள் வேலையை விடவைத்து ஊருக்கு அழைத்துப்போக அவள் அம்மா வந்து கேட்டில் நின்றாள். பெண் டாக்டர் சீட்டைக் காட்டினாள். சினைப்பையில் நீர்க்கட்டியாம். உடம்பு இன்சுலினுக்குக் கட்டுப்படாததால் இன்சுலின் மேலும் மேலும் சுரந்து எடையை ஏற்றுகிறதாம், மாதவிலக்கும் தள்ளிப்போகிறதாம். பட்டினி கிடக்காதே, சர்க்கரையைக் குறைத்து நேரத்துக்குச் சாப்பிடு, நட என்றாராம் டாக்டர்.

"இவ திங்கத டாக்டர் பக்கத்துல இருந்து பாத்தாவளா?" என்றாள் அம்மா.

"நான் பாத்தேம்மா" என்று நோட்டோடு போனேன். இருபத்தாறு நாள், இட்லி ஐம்பத்திரண்டு. மதியச் சோறு நாளுக்கு ஒரு கரண்டி. தொடாமல் விட்ட கேசரி நான்கு.

"பொண்ணு பாக்க வந்தவன்கூட இம்புட்டு எண்ண மாட்டான்யா" என்று சிரிக்கத் தொடங்கிய அம்மா பாதியில் அழுதுவிட்டாள். "ஏட்டி, திங்காத திங்காதன்னு நாந்தான் ஒன்னைப் போட்டுக் கொன்னுருக்கேன்."

சர்க்கரை விஷயத்தையும் ஒப்புக்கொண்டேன். "அதான் பாயாசம் மாதிரி இருந்துச்சா! தெனமும் வாஷ்பேசின்லல்லா ஊத்துனேன் சார்" என்றாள் பெண். அது மட்டும் என் கணக்கில் வரவில்லை.

அம்மா அன்று தனியாகத்தான் பஸ் ஏறினாள். நான் இப்போது வேலையை விட்டு வாலாஜாபாத்தில் வீட்டோடு இருக்கிறேன். அந்தப் பெண் அதே ஆலையில் லைன் லீடர். எடை நான்கு கிலோ இறங்கி ஒன்று ஏறியிருக்கிறது. மாதவிலக்கு ஒழுங்காக வருகிறது என்று போன மாதம் அம்மாவே போனில் கூச்சமில்லாமல் சொன்னாள். கூடவே ஒரு புகார்: "இப்பவும் சரியாத் திங்க மாட்டேங்கா சார். நீங்க கொஞ்சம் சத்தம் போடுங்க."