நான்காம் லெம்மாவும் எங்கள் ஊர் வடிகாலும்

1. ஞாயிற்றுக்கிழமை போன்

"அம்மா, உன் பேப்பர்ல நாலாவது லெம்மாவுக்கு ப்ரூஃப் எங்க?"

கனடாவில் பி.எச்.டி. முடிக்கும் தறுவாயில் இருந்த என் மகள் கயல் கேட்டாள். நான் தோசை வார்த்துக்கொண்டிருந்தேன்.

"அதான் ஈஸியா பாக்கலாம்னு எழுதியிருக்கேனேடி."

"ஈஸியா இருந்தா நான் எதுக்கு மூணு நாளா உக்காந்திருக்கேன்?"

தஞ்சாவூரில் ஒரு கல்லூரியில் கணினிக் கோட்பாடு கற்பிக்கிறேன். புரோகிராம் எழுதுவது என் வேலையல்ல. ஒரு அல்காரிதம் எப்போதும் சரியான விடை தருமா என்று நிரூபிப்பதுதான் வேலை. தொண்ணூறுகளில் உடன் படித்தவர்கள் சாப்ட்வேர் வேலைக்கு பெங்களூர், அமெரிக்கா என்று கிளம்பியபோது, நான் இங்கேயே உட்கார்ந்து எழுதிய பேப்பர் அது. ஒரு மூலத்திலிருந்து பல முனைகளுக்குக் குறைந்த செலவில் டேட்டா அனுப்புவது பற்றியது. அதைத் தாங்கிப் பிடிக்கும் சிறு தேற்றம்தான் நான்காம் லெம்மா: சிறந்த தீர்வில், ஒரு முறை பிரிந்த பாதைகள் மறுபடி சேராது.

மாநாட்டில் பத்துப் பக்கம்தான் அனுமதித்தார்கள். இடமில்லை. உண்மையில் நிரூபணமும் இல்லை, மனதில் ஒரு படம்தான் இருந்தது. ஆறு பிரிந்து பிரிந்து கடைமடைக்குப் போகிற படம். 'எளிதில் காணலாம்' என்று ஒரு வரி போட்டு, ரயிலடி பக்கம் ஒரு பிரவுசிங் சென்டரிலிருந்து அனுப்பிவிட்டேன்.

பிறகு வந்தவர்கள் அந்த லெம்மாவைச் சான்று காட்டி எழுதினார்கள். அவர்களைச் சான்று காட்டி மற்றவர்கள் எழுதினார்கள். என் பதவி உயர்வுகளெல்லாம் அந்த சைட்டேஷன்களால் வந்தவை. கயலின் தீசிஸிலும் மூன்றாம் அத்தியாயம் முழுக்க அதன் மேல்தான் நின்றது. சமர்ப்பிக்க இரண்டு மாதம் இருந்தது. அது முடிந்ததும் சேர ஒரு வேலையும் காத்திருந்தது.

"யாரும் கேக்கமாட்டாங்கம்மா. உன் பேரப் போட்டுட்டுப் போயிடவா?"

"ஒரு வாரம் குடு" என்றேன். தோசை கருகியிருந்தது.

2. உர பில்

ஐந்து நாள் முயன்றும் நிரூபணம் வரவில்லை. சனிக்கிழமை குடவாசல் பக்கம் எங்கள் ஊருக்குப் போனேன். அப்பா காலம்வரை கூலிக்கு நட்ட வயலை அண்ணன் இப்போது குத்தகைக்குப் பயிரிடுகிறார். நடவு நடந்துகொண்டிருந்தது.

"ஏன் மூஞ்சி இப்படி இருக்கு?" என்றார்.

"ஒண்ணுமில்லண்ணே. ஆறு ஒரு தடவ பிரிஞ்சா அப்புறம் சேராதுல்ல?"

சிரித்துவிட்டார். "யார் சொன்னா? அந்த வாய்க்கால் தண்ணியும் இந்த வாய்க்கால் தண்ணியும் வடிஞ்சு நம்ம வடிகால்லதான விழுது? அதுதான கீழூருக்குப் பாசனம். ரெண்டும் சேர்ந்தாத்தான் அங்க நடவு. ஒண்ணு நின்னாலும் பாதி ஊர் காய்ஞ்சிரும். டாக்டர் பட்டம் வாங்குனவ கேக்குற கேள்வியா இது?"

பத்து வயதுவரை அந்த வடிகாலில்தான் நண்டு பிடித்தேன். என் படத்தில் மட்டும் அது இல்லாமல் போயிருந்தது. அவர் சட்டைப் பையிலிருந்த உர பில்லை வாங்கி, பின்பக்கம் ஏழு புள்ளி வைத்துக் கோடு போட்டேன். எந்த ஒரு பாதையிலும் தனியாகக் கொள்ளளவு போதாதபோது, பிரிந்த இரண்டு பாதைகள் மறுபடி சேர்ந்தால்தான் கடைசிப் புள்ளிக்குத் தேவையானது கிடைத்தது. லெம்மா தவறு.

3. எட்டு நாள்

இதை எழுதக் கூச்சமாக இருக்கிறது. கயலிடம் நான் சொல்லவில்லை. கேட்டபோதெல்லாம், "பாத்துட்டே இருக்கேன்" என்றேன். அவள் முடித்துவிடட்டும், வேலையில் சேரட்டும், பிறகு திருத்தம் எழுதலாம் என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

எட்டாம் நாள், ஞாயிற்றுக்கிழமை, அவளே கூப்பிட்டாள். "அம்மா, கைடு ஓகே சொல்லிட்டாரு. நாளைக்கு கமிட்டிக்கு அனுப்பறேன்."

"அனுப்பாத. அது தப்பு."

"எப்பலேர்ந்து தெரியும்?"

"போன சனிக்கிழமைலேர்ந்து."

"எனக்காக மறைச்சியா, உன் பேப்பருக்காகவா?"

"தெரியலடி."

போனை வைத்துவிட்டாள். ஐந்து நாள் அவளிடமிருந்து ஒன்றும் வரவில்லை. உர பில்லைப் போட்டோ எடுத்து அனுப்பினேன். பார்த்துவிட்டாள் என்று மட்டும் காட்டியது.

4. திருத்தம்

இரண்டு பக்கத்தில் திருத்தம் எழுதி வெளியிட்டேன். லெம்மாவைப் பயன்படுத்தியவர்களில் முகவரி கிடைத்த எல்லோருக்கும் மெயில் போட்டேன். "நீங்களே ஏன் மேடம் கிளறுறீங்க? யாரு பாக்கப்போறா?" என்றார் பக்கத்து மேசைக்காரர். அவர் சொன்னதில் தவறில்லை. பழைய பேப்பரின் சைட்டேஷன் இன்னும் ஏறிக்கொண்டுதான் இருக்கிறது. திருத்தத்துக்கு வந்தவற்றை விரல்விட்டு எண்ணிவிடலாம். அதில் முதலாவது கயலின் தீசிஸ்.

மூன்றாம் அத்தியாயத்தை அவள் புதிதாக எழுதினாள். ஆறு மாதம் கூடுதலாக ஆனது. அந்த வேலை வேறொருவருக்குப் போய்விட்டது. அதைப் பற்றி அவள் இன்றுவரை ஒரு வார்த்தை பேசியதில்லை. ஞாயிற்றுக்கிழமை போன் அடித்தால் இப்போதும் அடுப்பை அணைத்துவிட்டுத்தான் எடுக்கிறேன்.

ஆராய்ச்சிக்கு வரும் பிள்ளைகளுக்கு நான் சொல்வது இவ்வளவுதான்: 'எளிதில் காணலாம்' என்று எழுதக் கை போகும் இடத்தில் பேனாவை வைத்துவிட்டு ஒருமுறை உண்மையிலேயே பாருங்கள். தவறு தெரிந்தால், அதை நம்பி வேலை செய்கிறவரிடம் அன்றைக்கே சொல்லிவிடுங்கள்.

இப்போதெல்லாம் என் பேப்பர்களைக் கயலுக்கு அனுப்பிவிட்டுத்தான் வெளியே அனுப்புகிறேன். போன வாரம் ஒன்று திரும்பி வந்தது. ஆறாம் பக்கத்தில் 'இது தெளிவு' என்று எழுதியிருந்தேன். ஓரத்தில் சிவப்பில் கேட்டிருந்தாள்: "யாருக்கும்மா?"

உட்கார்ந்து எழுதினேன். மூன்று பக்கம் ஆனது.